சாம்பல் ஊசி

ஆடி 18, சனி

இந்த டைரியைக் கொடுத்தது ஜெபக்கனி டீச்சர். பாளையங்கோட்டையில் காலேஜில் பூச்சிப் பாடம் நடத்துகிறவர். "ஐயா, நீங்க தெனமும் ஓடைக்குப் போறீங்க. எந்தத் தட்டான் எத்தனை பாத்தீங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு டைரி கொடுப்பது மொட்டைத்தலையனுக்குச் சீப்பு கொடுப்பது மாதிரி. நான் சொல்கிறேன், மகள் முப்புடாதி எழுதுகிறாள். பால்வாடியில் வேலை பார்க்கிறவள்.

என் பேர் சப்பாணிமுத்து. நாற்பத்திரண்டு வருசம் இந்த ஊர் வயல்களுக்கு நீர்பாய்ச்சி. எந்த மடையை எந்த நாள் திறந்தேன், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டேன், எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். கடைசியில் நோட்டை மூடிவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள்.

இப்போது தண்ணீர் பாய்ச்ச மோட்டார் இருக்கிறது. என் வேலை, டீச்சரையும் சேர்த்துத் தென்காசிப் பக்கமிருந்து வருகிற எட்டுப் பேருக்குத் தட்டான் காட்டுவது. எட்டுப் பேருக்கும் பத்துப் பை வைத்த கால்சட்டை. சேற்றில் குப்புற விழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சித் தடிமன்கூட இல்லாத ஊசித்தட்டானைப் படம் எடுப்பார்கள். அட்டை கடித்தாலும் அசைவதில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் காது கேட்காமல் போய்விடும். இதுக்குப் படித்திருக்கிறார்கள்.

இன்று: சிவப்பு ஊசி ஐந்து. மஞ்சள் ஊசி மூன்று. நீல ஊசி இல்லை.

கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல் மாற்றினேன்.

ஆடி 19, ஞாயிறு

எட்டுப் பேரும் வந்தார்கள். சாரல் பிடித்துக்கொண்டது. சாரலில் தட்டான் வெளியே வராது, இலைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். புங்கமரத்தடியில் உட்கார்ந்து இட்லி தின்றார்கள்.

இந்தக் கும்பலுக்குத் தலைவர் கிருபாகரன். டைல்ஸ் கடைக்காரர். மூன்று வருசமாக நீல ஊசிக்காகத் தவம் கிடக்கிறார்; அவர் வருகிற ஞாயிறு பார்த்துத்தான் சாரல் பிடிக்கும். கறுத்த உடம்பில் காஸ் அடுப்புச் சுவாலை மாதிரி நீல வளையம் போட்ட ஊசி அது. ஆடியில் வந்து புரட்டாசியோடு போய்விடும்.

"பெரியவரே, நீலம் வந்துட்டா?"

"இந்த வருசம் வரல."

"வந்திருக்கு ஐயா" என்றார் ஜெபக்கனி டீச்சர். "வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வந்தேன். ஒம்பது மணி வெயிலுக்கு நாலு வந்து உக்காந்துச்சு. படமே எடுத்துட்டேன்."

எல்லாரும் அவர் கேமராவில் தலையை விட்டுக்கொண்டு "ஆகா, ஓகோ" என்றார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார். நான் போகவில்லை. தீப்பெட்டி அளவு கண்ணாடியில் எவன் பார்ப்பான்? நான் ஓடையைப் பார்க்கிறவன்.

கிருபாகரன் முகம் பழைய சோறு மாதிரி ஆகிவிட்டது.

ஆடி 22, புதன்

நீல ஊசி இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புதுசாக ஒரு சாம்பல் ஊசி வந்திருக்கிறது. ஏழு எண்ணினேன். என் ஆயுசில் இந்த ஓடையில் பார்த்ததில்லை. நீல ஊசி உட்காருகிற அதே கோரையில், அதே நேரத்துக்கு வந்து உட்காருகிறது. விரட்டிவிட்டு இடம் பிடித்த சாதி போலிருக்கிறது.

வேட்டி பழுப்படித்துக் கிடக்கிறது. சொட்டு நீலம் போடு என்றேன். போட்டேன் என்கிறாள் முப்புடாதி. இன்னும் போடு என்றேன். கடையில் விற்கிற நீலத்திலும் கலப்படம்.

ஆடி 23, வியாழன்

டீச்சர் தனியாக வந்தார். மடைக்குக் கீழே கூட்டிப்போய் என் கண்டுபிடிப்பைக் காட்டினேன்.

"அந்தா, கோரை நுனியில. சாம்பல் ஊசி. ஒங்க பொஸ்தகத்துல இருக்காது."

அவர் தட்டானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாம்பலா ஐயா?"

"பின்ன, பவுனா?"

"பக்கத்துல கல்லு மேல ஒண்ணு இருக்கே, அது?"

"அதுவும் சாம்பல்தான். ரெண்டும் அண்ணன் தம்பி."

டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு மெதுவாக, "ஐயா, எங்க அண்ணன் மக கண் டாக்டரா இருக்கா. ஒருநா கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார்.

"எங்கண்ணுக்கு என்ன கேடு? இருவது அடிக்கு அங்கிட்டு நண்டு வளை தெரியும் எனக்கு. கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரியுறது நீங்க. மொதல்ல ஒங்க கண்ணப் பாருங்க."

அவர் குப்புறப் படுத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். படித்தவர்களிடம் இதுதான் பிடிக்காது. தங்களுக்குத் தெரியாத ஒன்றை நாம் காட்டினால் உடனே நமக்கு நோய் கண்டுபிடிப்பார்கள்.

நீல ஊசி இல்லை. சாம்பல் ஊசி ஒன்பது.

ஆடி 26, ஞாயிறு

மறுபடியும் சாரல். யாருக்கும் ஒரு தட்டானும் அகப்படவில்லை. மற்றவர்கள் போனபிறகு கிருபாகரன் மட்டும் நின்றார். பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். காரியம் இருந்தால்தான் அந்த ஆள் கையிலிருந்து பிஸ்கட் வரும்.

விசயம் இது. கும்பலாகச் சேர்ந்து நம் ஓடைத் தட்டான்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். அதில் பாதிப் படம் டீச்சருடையது. நீல ஊசிதான் அட்டையில் வரப்போகிறது. வேறு ஊரில் எடுத்த படத்தை இந்த ஊர்ப் படம் என்று யாராவது கொடுத்தால், அந்த ஆளை விலக்கி, அவர் படம் அத்தனையையும் எடுத்துவிடுவது என்று அவர்களுக்குள் சட்டம்.

"டீச்சருக்கு அக்கா வீடு புனலூர்ல இருக்கு பெரியவரே. அங்க இந்த ஊசி நெறைய உண்டு. இவங்க மட்டும் எடுத்திருக்காங்க, வேற ஒருத்தர் கண்ணுலயும் படல. படத்துல பின்னாடி பாத்தா பச்சையா கொழகொழன்னு இருக்கு, எந்த ஊருன்னு சாமிக்குத்தான் தெரியும். நீங்க தெனமும் போறவரு. நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல."

"நீங்க பாக்காம இந்த ஓடையில ஒண்ணு இருக்குமா?"

"இருக்காது வே."

உள்ளதைத்தானே சொன்னேன்.

ஆவணி 2, ஞாயிறு

மாசானம் டீக்கடையில் எல்லாரும் கூடினார்கள். வெளியே மழை. முப்புடாதியை டைரியோடு வரச் சொன்னார் கிருபாகரன். டீச்சர் சர்ச்சிலிருந்து நேராக வந்தார். சேலை கட்டியிருந்தார், சாம்பல் நிறத்தில். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

முப்புடாதி வாசித்தாள். நீல ஊசி இல்லை. நீல ஊசி இல்லை. எண்ணிய நாளெல்லாம் அதே வரி. வாசிக்க வாசிக்க அவள் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சத்தமாக வாசி என்று அதட்டினேன்.

"டீச்சர் லீவு போட்டு வந்த அந்த வியாழக்கிழமை, நீங்களும் ஓடையில இருந்தீங்களா பெரியவரே?" என்றார் கிருபாகரன்.

"நான் என்னைக்குத்தான் இல்ல? டைரிக்கு முந்தின நாளும் மண்டையில இருக்கு. சிவப்பு நாலு, மஞ்சள் ரெண்டு. நீலம் இல்ல."

"அது என்ன, சாம்பல் ஊசின்னு வருது?" என்று ஒருத்தர் கேட்டார்.

"பொட்டையா இருக்கும் சார். பொட்டை ஊசி எல்லாமே மங்கலாத்தான இருக்கும்" என்று கிருபாகரனே பதில் சொல்லிவிட்டார்.

டீச்சர் என்னிடம் மட்டும் பேசினார். "ஐயா, டைரியை நான்தான் குடுத்தேன்."

"ஆமா. நான் பொய் எழுதச் சொல்லல."

"நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் வம்பு."

 டீச்சர் பதினோரு வருசமாக எடுத்த படம் எல்லாம் புத்தகத்தை விட்டுப் போகிறது என்று சொன்னார்கள். காலேஜுக்கும் எழுதிப் போடுவோம் என்றார் கிருபாகரன். டீச்சர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, மழையிலேயே பஸ்ஸுக்குப் போனார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தால் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. தப்புச் செய்தவர்கள் அப்படித்தான் போவார்கள்.

"அப்படித்தான் போவார்கள்" என்பதை எழுதமாட்டேன் என்றாள் முப்புடாதி. எழுது என்றேன்.

ஆவணி 3, திங்கள்

நீல ஊசி இல்லை. சாம்பல் ஊசி பதினொன்று.

ஆவணி 9, ஞாயிறு

ஒருத்தரும் வரவில்லை. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். டீச்சரும் வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. ஓடைக்குப் போனேன். எண்ணவில்லை.

ஆவணி 15, சனி

டீக்கடையில் மாசானம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

"என்ன மாமா, ராமர் வேசத்துக்குச் சாயம் முக்கிட்டீரா? இடுப்புக்குக் கீழ ஆகாசமால்லா இருக்கு!"

"வெள்ளை வேட்டிய வெள்ளைனு சொல்லத் தெரியாத பய. ஒனக்கெல்லாம் டீக்கடை ஒரு கேடு" என்றேன்.

"வெள்ளையா?" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்தபோதுகூட எனக்கு ஒன்றும் இல்லை. நின்றதுதான் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முப்புடாதியிடம் கேட்டேன். "நீங்கதானப்பா இன்னும் போடு, இன்னும் போடுன்னீங்க" என்றாள். அடுப்பைப் பார்த்தே பேசினாள்.

ஊருக்கே கண் கெட்டுவிட்டது. வேறென்ன.

ஆவணி 18, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ரேசன் கார்டுக்குக் கைநாட்டு வாங்குகிறார்கள் என்று முப்புடாதி கூட்டிப்போனாள். போனால் கண் முகாம். பெற்ற மகளே ஏமாற்றினாள்.

மீசை முளைக்காத டாக்டர் ஒருவன் என் கண்ணில் விளக்கடித்தான். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு தாத்தா. எத்தனை வருசமா இப்படி?"

"எப்படி?"

"எல்லாம் பழுப்பா, மங்கலா."

"ஒலகமே அப்படித்தான இருக்கு" என்றேன். டாக்டர் சிரித்தான். முப்புடாதி சிரிக்கவில்லை.

ஆவணி 21, வெள்ளி

வலது கண்ணை அறுத்துவிட்டார்கள். கட்டுப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி முழுக்கக் குறட்டை.

ஆவணி 22, சனி

கட்டுப் பிரித்தார்கள்.

முதலில் தெரிந்தது என் வேட்டி.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

புரட்டாசி 1, செவ்வாய்

தூசிக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கறுப்புக் கண்ணாடி மாட்டாமல் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்பது மணி வெயிலுக்கு மடைக்குக் கீழே போய், கண்ணாடியைக் கழற்றினேன்.

அறுத்த கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கோரையில் சாம்பல் ஊசி. அறுக்காத கண்ணைப் பொத்திப் பார்த்தேன். நீல ஊசி. அதே கோரை, அதே பூச்சி. மாற்றி மாற்றிப் பொத்தினேன். பூச்சி எழுந்து போகவே இல்லை, என்னை வேடிக்கை பார்ப்பது போல.

நீல ஊசி பதிமூன்று. சாம்பல் ஊசி என்று ஒரு பூச்சி இந்த உலகத்தில் இல்லை. இருந்தது ஒரு கிழட்டுப் பயல்.

புரட்டாசி 2, புதன்

முப்புடாதியிடம் கேட்டேன். "டைரி வாசிச்சயே, அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"வேட்டியிலயே தெரியும்பா."

"ஏன் சொல்லல?"

"சொல்லி இருந்தா கேட்டிருப்பீங்களா?" பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள். "அந்தம்மாவுக்கும் தெரியும். தான் கட்டுன சேலை என்ன நெறம்னு அந்தக் கூட்டத்துல ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்க கட்டியிருந்தது பளீர்னு நீலம்பா."

கிருபாகரனுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"புத்தகம் அச்சாயிட்டு பெரியவரே. பன்னெண்டாந்தேதி விழா, ஒங்களுக்குப் பொன்னாடை வேற இருக்கு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்பப் போய் ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய சொன்னா, புத்தகம் முழுக்க நீங்க காட்டுன இடம், நீங்க சொன்ன பேரு, எல்லாத்தையும் சந்தேகப்படுவான். ஒங்க பேருதான் போவும்."

அக்கறையைப் பார்த்தீர்களா.

புரட்டாசி 5, சனி

பாளையங்கோட்டைக்குப் போனேன். டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றே சொன்னேன்.

"பாத்துட்டேன் தாயி. பதிமூணு இருக்கு. நீலந்தான்."

"எனக்குத் தெரியும் ஐயா. நான் படம் எடுத்தவ."

"சேலைய ஏன் கேக்கல?"

"ஒங்க கண்ணக் காட்டி நான் ஜெயிக்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல" என்றார். "இப்ப எங்கிட்ட வந்து சொல்லி என்ன? காலேஜ்ல கூப்பிட்டு விளக்கம் கேக்கறாங்க. யாரு முன்னால வச்சு என்னைத் திருடின்னு சொன்னீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க."

"திருடின்னு நான் சொல்லலயே."

"சொல்லாம சொன்னீங்க. அது இன்னும் வசதி."

தண்ணீர் ஒரு செம்பு கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். இத்தனை வருசத்தில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புரட்டாசி 12, சனி

தென்காசியில் கல்யாண மண்டபம். நூறு பேர் இருக்கும். பொன்னாடை போர்த்தி, "எழுதப் படிக்கத் தெரியாத பல்கலைக்கழகம்" என்று என்னைப் பற்றி ஒருவர் உருகினார். என் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அட்டையில் சிவப்பு ஊசி. டீச்சர் வரவில்லை. அவருக்கு அழைப்பில்லை.

மைக்கைக் கேட்டேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை வச்சுக்கிட்டு நீல ஊசி இல்லன்னு சொன்னவன் நான். ஜெபக்கனி டீச்சர் எடுத்த படம் நம்ம ஓடையில எடுத்தது. பொய் அவுககிட்ட இல்ல, எங்கண்ணுல இருந்துச்சு. நான் சொன்னத வச்சு அவுக பேரக் கெடுத்திருக்கீக. காலேஜுக்கு நீங்க போட்ட காயிதத்த வாபஸ் வாங்கணும்."

 பின்வரிசையில் ஒருத்தன் எழுந்தான். "தாத்தா, அன்னைக்கு இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்க. இன்னைக்கு இருக்குன்னு அடிச்சுச் சொல்றீங்க. ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னும் நீங்களே சொல்றீங்க. இதுல நாங்க எத நம்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாகரன்தான் முதலில் கை தட்டினார்.

நியாயமான கேள்வி. நாற்பத்திரண்டு வருசம் என் வாயைப் பார்த்து நோட்டை மூடினார்கள். இன்றைக்கு என் வாயை மூடச் சொல்கிறார்கள். நான் உண்மை சொன்னது இன்றைக்குத்தான்.

"என்னைய நம்பாதீங்க வே" என்றேன். "நம்பி நம்பித்தான் இந்தக் கேடு. நாளைக்கு ஒம்பது மணிக்கு ஓடைக்கு வாங்க. ஒங்க கண்ணுல என்ன தெரியுதோ, அதச் சொல்லுங்க. வராதவன் இனிமே கேமராவத் தூக்கிக்கிட்டு எங்க ஊர்ப் பக்கம் வந்தா, மடையத் தொறந்து விட்டுருவேன்."

பொன்னாடையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வந்தேன். சரிகை கழுத்தை அறுத்தது. முப்புடாதியை விட்டு டீச்சருக்குப் போன் போடச் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லையாம்.

புரட்டாசி 13, ஞாயிறு

வானம் வெளுத்திருந்தது. நூறு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். பின்வரிசைப் பயல் வந்திருந்தான். கிருபாகரனும் வந்தார். வராமல் இருந்தால் மற்ற நாலு பேருக்கு நீல ஊசி கிடைத்துவிடுமே, அந்தப் பயம்.

எட்டரை மணிக்கு டீச்சர் வந்தார். எங்களோடு சேரவில்லை. மரப்பாலம் தாண்டி ஓடைக்கு அந்தக் கரையில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேமரா கொண்டுவரவில்லை.

நான் எங்கேயும் கை நீட்டவில்லை. "நீங்களே தேடுங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தேன்.

வெயில் கோரை மேல் இறங்கியது. முதலில் பின்வரிசைப் பயல்தான் "ஐயோ" என்றான். கிருபாகரன் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், சேற்றில் பொத்தென்று விழுந்தார். சட்டை, கால்சட்டை, பத்துப் பை எல்லாம் சேறு. கேமரா சடசடவென்று அடித்தது. மூன்று வருசத் தவமல்லவா. எருமை இவ்வளவு ஆசையாகச் சேற்றில் புரண்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன நெறம் சார்?"

 படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. நீங்க சொல்லுங்க. என்ன நெறம்?"

"நீலம்" என்றார், சேற்றுக்குள்.

"எந்த ஊரு ஓடை இது?"

"இந்த ஊருதான் பெரியவரே. விடுங்க, பறந்துரும்."

"பறக்கட்டும். காயிதத்த எப்ப வாபஸ் வாங்குதீக?"

"நாளைக்கு. நாளைக்கே வாங்கிருதோம்."

"எனக்குக் காதும் கேக்காது சார்" என்றேன். "எந்திரிச்சு நில்லுங்க. நீலம்னு சொல்லுங்க, இந்த ஓடைன்னு சொல்லுங்க, நாளைக்குன்னு சொல்லுங்க. அந்தக் கரைக்குக் கேக்கிற மாதிரி."

எழுந்து நின்றார். மூக்கிலிருந்து சேறு வடிந்தது. சொன்னார்.

"இன்னும் சத்தமா" என்றேன்.